கலம் சேரும் துறை



முந்தல் ஏரிக்கரையில் மாலைவேளையில் நின்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். வள்ளம் கரையை அடைந்ததும் அதிலுள்ளோர் முதலிற் செய்வது, கயிற்றைத் தறியிற் கட்டுவதே. மீனை இறக்குவதும் விலை பேசுவதும் அதன் பின்னரே நடைபெறும். கட்டாத வள்ளத்தை நீர் இழுத்துச் சென்றுவிடும்; கட்டவிழாத வள்ளமோ மறுநாள் தொழிலுக்குப் போகமாட்டாது. உயிரியலார் கலம் என வழங்கும் நுண்ணிய உடற்கூற்றுக்கும் இவ்விதி பொருந்தும்.

மார்பெலும்பின் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே, தைமசு என்னும் சுரப்பி இருக்கின்றது. குழந்தைப் பருவத்திற் பருத்திருக்கும் இது, பூப்பெய்திய பின்னர்ச் சிறுகச் சிறுகச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். ஆதலால் இதனைப் பயனற்றதென நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1961 இல் இலண்டனில் ஆராய்ந்த ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமசு அகற்றப்பட்ட சுண்டெலிகள் நோய்க்கு எளிதில் இரையாவதையும், அயல் எலியின் தோலை ஒட்டினாலும் எதிர்க்காதிருப்பதையும் கண்டார். நோயெதிர்ப்புக்குரிய ஒருவகைக் கலங்கள் பயிலும் பள்ளி இதுவென்பது தெளிவாயிற்று. அவற்றை ரி-கலங்கள் என்பர்.

என்பு மச்சையிலிருந்து புறப்படும் இளங்கலங்கள் இங்கு வந்து சேர்கின்றன. உடலின் அடையாளத்தை அறியமாட்டாதவை மடிகின்றன. உடலையே பகையெனப் பற்றுபவையும் அழிக்கப்படுகின்றன. நூற்றில் ஐந்துக்கும் குறைவானவையே தேறி வெளியேறுகின்றன. இத்தேர்வு நிகழ, மாணவக் கலம் ஆசிரியக் கலத்தோடு சற்று நேரமாவது நெருங்கி நிற்றல் வேண்டும். அடையாளம் காணும் ஏற்பியின் பிடியோ மிக மெல்லியது. ஆகவே, கலத்தைத் தாங்கிப் பிடிக்க வேறு கயிறுகள் வேண்டும். அவையே ஒட்டு மூலக்கூறுகள்.

அவற்றுள் ஒன்றுக்கான தடயம் செம்மறியாட்டின் குருதியிற் கிடைத்தது. மனிதனின் ரி-கலங்களை ஆட்டின் செங்குழியங்களோடு கலந்தால், அவை கலத்தைச் சுற்றிப் பூவிதழ்போல் ஒட்டிக்கொள்ளும். 1970 ஆம் ஆண்டையொட்டி ஆய்வுகூடங்கள் இதனைக் கலங்களை எண்ணும் வழியாகக் கையாண்டன. காரணம் மட்டும் புலப்படவில்லை. 1987 இல் திமோதி ஸ்பிரிங்கர் முதலியோர் புதிரை அவிழ்த்தனர். ரி-கலத்தின் மேலுள்ள சி.டி.2 என்னும் புரதம், எல்.எஃப்.ஏ.-3 என்னும் புரதத்தைப் பற்றுகின்றது; ஆட்டின் செங்குழியத்திலும் இப்புரதத்துக்கு இணையான ஒன்று உண்டு. தைமசிலும் இளங்கலங்கள் மேலணிக் கலங்களை இவ்வாறே பற்றுகின்றன. இவ்விரு புரதங்களுள் ஒன்றைப் பிறபொருளெதிரியால் மறைத்தபோது, அவ்வொட்டுதல் தடைப்பட்டது. எல்.எஃப்.ஏ.-1, ஐகாம்-1 என்னும் இணை மற்றொரு கயிறாகும். வேண்டியபோது எல்.எஃப்.ஏ.-1 இன் பிடி இறுகும். வேலை முடிந்ததும் தளரும்.

இக்கயிறு அறுந்தால் நேர்வதென்ன? எல்.எஃப்.ஏ.-1 இன் ஒரு பாதி, வெண்குழியங்களின் வேறு சில கொக்கிகளுக்கும் பொதுவானது. பரம்பரைக் குறையால் அப்பாதி பழுதுற்ற குழந்தைகள் மிகச் சிலர் பிறக்கின்றனர். அவர்தம் குருதியில் வெண்குழியங்கள் மிகுந்திருக்கும். ஆயினும் குருதிக்கலனின் சுவரைப் பற்றிப் புண்ணை நோக்கி வெளியேற அவற்றால் இயலாது. துறை தெரிந்தும் கட்டக் கயிறில்லாத வள்ளங்களின் நிலை அது. அதனால் புண் ஆறாது, சீழும் கட்டாது.

வழக்கமாக ஒன்றிரண்டு கிழமைகளில் உதிரும் தொப்புட்கொடி, இக்குழந்தைகளுக்கு மூன்று நான்கு கிழமை சென்றும் உதிராதிருக்கலாம். கொடி தாமதித்து உதிரும் குழந்தைகளிற் பெரும்பாலோர் நலமுடையோரே; தாய்மார் அஞ்சவேண்டியதில்லை. ஆனால், தாமதத்தோடு கொப்பூழ் சிவந்து புண்ணாகி, தொற்றுகளும் மீண்டும் மீண்டும் வருமாயின், நாள் கடத்தாது மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். கடுமையான குறையையும் உரிய காலத்திற் கண்டறிந்தால், பொருத்தமான என்பு மச்சை மாற்றத்தினால் குணப்படுத்த இயலும். பாட்டிமார் கொடி உதிர்ந்த நாளை நினைவில் வைத்துச் சொல்வர். அச்சிறு செய்தி ஒரு குழந்தையின் உயிரைக் காக்கவும் கூடும்.