ஆற்றுத் திருவிழா (விழுப்புரம் வட்டாரம்)

ஆற்றுத் திருவிழா என்பது தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றங்கரை ஊர்களில் நடைபெறும் விழாவாகும். ஆங்கில நாட்காட்டியில் இது ஜனவரி 18 அல்லது 19 ஆம் தேதியில் வரும். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இவ்விழா நடைபெறுகிறது. காணும் பொங்கல் முடிந்து இரண்டு நாள் கழித்து வருவதால், பொங்கலுக்குப் பிறந்த வீடு வந்த பெண்கள் பலர் ஆற்றுத் திருவிழாவையும் பார்த்துவிட்டே ஊர் திரும்புவர்.

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கிருஷ்ணகிரி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, சாத்தனூர் அணையைக் கடந்து, திருக்கோவிலூர், விழுப்புரம் பகுதிகளில் ஓடி, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. விழுப்புரத்தை ஒட்டிய பகுதியில் இது அகன்ற மணல் ஆறு. அரகண்டநல்லூர், சின்னக்கள்ளிப்பட்டு, பேரங்கியூர், பிடாகம் ஆகியவை இங்கு மக்கள் பெருமளவில் கூடும் இடங்கள்.

விழா நடைபெறும் முறை

காலையிலிருந்தே சுற்றுவட்டார ஊர்களின் சாமிகள் ஆற்றை நோக்கிப் புறப்படும். பெரிய கோயில்களின் உற்சவர்களோடு, ஒரு தெருவுக்கு மட்டுமே உரிய மாரியம்மனும் முருகனும் வருவது இவ்விழாவின் தனிச்சிறப்பு. முன்பு தோளில் சுமந்து வந்தனர். இன்று பெரும்பாலும் டிராக்டரிலும் மினி லாரியிலும் வருகின்றனர். சாமிகளை மணலில் பந்தலிட்டு வரிசையாக நிறுத்தி, அபிஷேகம் செய்து, தீர்த்தவாரி நடத்துவர். பிறகு மக்கள் ஆற்றில் நீராடுவர். எந்த ஒரு கோயிலும் இவ்விழாவின் தலைமைக் கோயில் அல்ல. ஆற்றின் இரு கரையிலும் வெவ்வேறு ஊரார் ஒரே நாளில் தத்தம் விழாவை நடத்துகின்றனர்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் மணலூர்பேட்டையில் நடைபெறும் தீர்த்தவாரிக்குத் திருவண்ணாமலை அண்ணாமலையாரே எழுந்தருளுகிறார். அதனால் அங்கு கூட்டம் மிக அதிகம்.

வழிபாடு ஒரு பாதி என்றால் மணல்வெளி மறு பாதி. வீட்டில் கட்டி எடுத்து வந்த புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் குடும்பத்தோடு மணலில் உட்கார்ந்து சாப்பிடுவர். ராட்டினம், பலூன், வளையல், கரும்பு, மிளகாய் பஜ்ஜி என்று கடைகள் நிறைந்திருக்கும். பல மாதம் பார்க்காத உறவினரை இங்கே பார்க்கலாம். கல்யாணப் பேச்சு தொடங்குவதும் உண்டு. பூங்காவோ கடற்கரையோ பக்கத்தில் இல்லாத ஊர்களுக்கு ஆறுதான் ஆண்டுக்கு ஒரு நாள் அந்த இடத்தை நிரப்புகிறது.

விழாவுக்கென்றே உரிய பண்டம் சிறுவள்ளிக்கிழங்கு. பேச்சுவழக்கில் இதைச் சுருளிக்கிழங்கு என்பர். மற்ற நாட்களில் கடையில் தேடினாலும் எளிதில் கிடைக்காத இக்கிழங்கு, தை பிறந்ததும் சாலையோரமெங்கும் குவியல் குவியலாக விற்பனைக்கு வரும். ஆற்றுக்குப் போய்விட்டுக் கிழங்கு வாங்காமல் வீடு திரும்பினால் போனதற்கே கணக்கில்லை. மண் போகக் கழுவி, தோலோடு வேகவைத்து, உரித்துத் தின்பார்கள். சேப்பங்கிழங்கைப் போல வழவழப்பில்லாமல் மாவுத்தன்மையோடு இருக்கும்.

திண்டிவனம் பகுதி

திண்டிவனத்துக்கு அருகில் இப்படியொரு பேராறு இல்லை. கடல் பக்கம். ஆகவே அப்பகுதி மக்களுக்கு இதற்கு இணையான நாள் மாசி மகம். அன்று மயிலம் சுப்பிரமணிய சுவாமி, தீவனூர் பொய்யாமொழி விநாயகர், திண்டிவனம் சீனிவாசப் பெருமாள், செஞ்சி அரங்கநாதர் முதலிய உற்சவ மூர்த்திகள் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகின்றனர். தை ஐந்து சூரிய நாட்காட்டியைச் சார்ந்தது. மாசி மகமோ மக நட்சத்திரத்தைச் சார்ந்தது. அதனால் பின்னதன் தேதி ஆண்டுதோறும் மாறும்.

மாசி மகத்தில் மதங்கள் கைகோக்கும் காட்சியும் உண்டு. கடலூர் மாவட்டம் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமிக்கு அங்குள்ள தர்கா சார்பில் மரியாதை செய்யப்படுகிறது.

ஆற்றின் நிலை

ஆற்றுத் திருவிழாவுக்கு ஆற்றில் நீர் வேண்டும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் தையிலும் ஓட்டம் இருக்கும். இல்லாத ஆண்டில் மணலில் ஊற்று தோண்டித் தலையில் தெளித்துக்கொள்வார்கள். ஆற்று மணல் பஞ்சைப் போல நீரை உறிஞ்சி வைத்திருக்கும். மேலே காய்ந்தாலும் சில அடி ஆழத்தில் ஊறும். கரையோரக் கிணறுகளுக்கும் இதுவே ஆதாரம். மணல் அள்ளப்பட்ட இடங்களில் களிமண்ணும் பாறையும் தெரியத் தொடங்கியதும் ஊற்றும் கீழே போய்விட்டது. அங்கு கருவேல முட்செடியே மிச்சம்.

நீரைத் தேக்கும் முயற்சிகளும் சறுக்கின. 1950 வாக்கில் கட்டப்பட்ட எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டி 2020 இல் திறக்கப்பட்ட தடுப்பணை, 2021 ஜனவரியிலேயே உடைந்தது. பழையது எழுபது ஆண்டு நின்றது, புதியது ஓராண்டுகூட நிற்கவில்லை என்பதை இப்பகுதி உழவர்கள் இன்றும் சொல்லிக் காட்டுவர்.

2022 இல் கொரோனா கட்டுப்பாடுகளால் ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்களில் மக்கள் அனுமதிக்கப்படவில்லை. அவ்வாண்டு தை ஐந்து ஜனவரி 18 இல் வந்ததால் விழாவும் அதில் அகப்பட்டுக்கொண்டது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் நேர் எதிரான நிலையை உண்டாக்கியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, கரையோர ஊர்களிலும் வயல்களிலும் வெள்ளம் புகுந்தது. அரசூர் அருகே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலும் போக்குவரத்து நின்றது.

இத்தகைய வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் தரை மாறிவிடும். போன ஆண்டு முழங்கால் அளவு இருந்த இடம் இந்த ஆண்டு ஆள் மூழ்கும் பள்ளமாக இருக்கலாம். மணல் அள்ளிய குழிகளும் நீருக்கடியில் தெரியாது. குழந்தைகளை அழைத்து வருவோர், காவல்துறையும் தீயணைப்புத் துறையும் கயிறு கட்டி ஒதுக்கிய பகுதியில் மட்டும் நீராட வேண்டும். கூட்டம் குறைவு என்று தள்ளிப் போய் இறங்கும் இடங்களில்தான் ஆபத்து அதிகம்.