திடுக்கிடுதல் என்று விட்டுவிடாதீர்கள்



கிளிநொச்சிக் கிராமங்களில் குடும்பநல மருத்துவமாதாக வீடு வீடாகச் செல்லும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “பிள்ளை திடுக்கிடுது. தாய் யுத்தத்திலை பயந்தவள்தானே.” நாவூறு கழித்து, நூல் கட்டி, நாட்கள் போய்விடும்.

சாதாரணமாகத் திடுக்கிடும் பிள்ளை சத்தம் கேட்டு ஒருமுறை உதறும். சில மாதங்களில் அது மறைந்துவிடும். சிசு வலிப்பு வேறு. பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்துக்குள் தொடங்கும். நித்திரையால் எழும்பியதும் தலை குனிந்து, கைகள் விரிந்து, உடல் ஓரிரு விநாடி மடங்கும். சற்று விட்டு மீண்டும் வரும். இப்படித் தொடராக வரும். காய்ச்சல் இராது. சிரித்த பிள்ளை சிரிப்பை மறக்கும்.

1841இல் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் வெஸ்ட் தன் மகனிடம் இதைக் கண்டு எழுதினார். அன்று பலன்தரும் மருந்தில்லை, இன்று உண்டு. கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் 97 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. அதில் ஊசி மருந்தைவிட, வாயால் கொடுக்கும் பிரெட்னிசொலோன் கூடுதலான பிள்ளைகளுக்கு வலிப்பை நிறுத்தியது. வைத்தியர் சொல்லாமல் இதைக் கொடுக்கவோ நிறுத்தவோ கூடாது.

பிறக்கும்போது மூச்சுத் திணறியது, மூளை அமைப்புக் குறை, பரம்பரை எனக் காரணங்கள் பல. தாயின் பயம் காரணமல்ல.

தாமதித்தால் பிள்ளையின் விருத்தி பாதிக்கப்படும். கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து, அன்றே பெரியாஸ்பத்திரியில் சிறுபிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.