உங்கள் காரில் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன?

வங்கிக் கடனில் வாங்கிய காரின் பதிவுச் சான்றிதழில், கடன் தீரும்வரை வங்கியின் பெயரும் இடம்பெற்றிருக்கும். அந்தக் கார் களவுபோனால், காப்பீட்டுத் தொகை முதலில் கடன் நிலுவைக்கே வரவு வைக்கப்படும். அதுவரை மாதத் தவணையும் நிற்பதில்லை. இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனம் கேட்பவற்றுள் முக்கியமானவை காரின் அசல் சாவிகள். ஒன்று குறைந்தாலும் கேள்வி எழும். ஆகவே, காரின் சாவியும் அதைக் காக்கும் மின்னணு அமைப்பும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிந்து வைப்பது நன்று.

சாவிக்குள் ஒரு சில்லு

இன்றைய கார்களில் உள்ள களவுத் தடுப்பு அமைப்பின் பெயர் இம்மொபிலைசர். சாவியின் தலைப்பகுதியில் சிறு சில்லு ஒன்று உண்டு. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அதற்கு மின்னாற்றல் அளித்து, அதன் அடையாளத்தைக் கேட்கும். விடை பொருந்தினால் மட்டுமே என்ஜின் இயங்கும். இச்சில்லுக்குத் தனி பேட்டரி தேவையில்லை. பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தாலும், சாவியைப் பொத்தானுக்கு அருகில் பிடித்தால் பல மாடல்கள் கிளம்பிவிடும்.

இவ்வமைப்பின் அருமையை அமெரிக்க அனுபவம் உணர்த்தியது. இம்மொபிலைசர் இல்லாமல் அங்கு விற்கப்பட்ட சில கியா, ஹூண்டாய் மாடல்கள் 2021க்குப் பின் பெருமளவில் திருடப்பட்டன. கனடாவிலோ 2007 முதலே புதிய கார்களில் அது கட்டாயம்.

ஸ்கேனர் சொல்வது

சாவியைத் திருப்பியும் கார் கிளம்பாமல், சாவி வடிவ விளக்கு அணையாதிருந்தால், முதலில் இரண்டாவது சாவியைக் கொண்டு முயல வேண்டும். அதில் கிளம்பினால் குறை முதல் சாவியில் இருக்கலாம். இரண்டிலும் கிளம்பாவிட்டால் ஸ்கேனர் தேவை. ஸ்டியரிங்கின் கீழுள்ள 16 முனை இணைப்பில் அதைப் பொருத்தினால் பிழைக் குறியீடுகள் தெரியும். பி0513 என்றால் சாவி பொருந்தவில்லை. யு0167 என்றால் இம்மொபிலைசருடன் தொடர்பு அறுந்துள்ளது. மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் என்ஜின் குறைகளை மட்டுமே காட்டும். பேட்டரி வலுவிழந்தாலும் பொய்யான குறியீடுகள் தோன்றக்கூடும். எனவே பேட்டரியைச் சோதிக்காமல் விலையுயர்ந்த இ.சி.யூ.வை மாற்றச் சம்மதிப்பது வீண் செலவாகலாம்.

ஒரே கருவி, இரு பயன்

குறையைக் கண்டறியும் கருவியே, உரிய வசதி இருப்பின், புதிய சாவியையும் காரில் பதிவு செய்யும். பெங்களூரு ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளைச் சுற்றிவருவோர் இத்தகைய கருவிகளைக் காணலாம். நேர்மையான மெக்கானிக்கிடம் இது உதவி. தீயோர் கையில் கள்ளச் சாவி. பழைய கார் வாங்குவோர் இதை மறக்கலாகாது. முந்தைய உரிமையாளரிடமோ அவருடைய ஓட்டுநரிடமோ மூன்றாவது சாவி ஒன்று இருந்தால், பூட்டு உடையாமலே கார் காணாமற்போகும்.

வாடிக்கையாளர் கவனத்திற்கு

• பழைய கார் வாங்கும்போது, பதிவாகியுள்ள சாவிகளின் எண்ணிக்கையை ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். பல மாடல்களில் இது இயலும். கையில் இல்லாத சாவிகளை நீக்கிவிடச் சொல்லுங்கள்.
• பிழைக் குறியீடுகளை அழிக்கும் முன் அவற்றை எழுத்தில் பெறுங்கள்.
• சாவி தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் அளித்து, காப்பீட்டு நிறுவனத்திற்கும் எழுத்தில் தெரிவியுங்கள். புதிய சாவிக்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.
• இரண்டாவது சாவியையும் சாவி எண் தகட்டையும் காருக்குள் வைக்காதீர்கள்.
• கார் களவுபோனால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, காப்பீட்டு நிறுவனத்திற்கும் கடன் தந்த கிளைக்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள்.

ஸ்கேனர் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். காரின் மதிப்போடு ஒப்பிட்டால் அதற்கான கட்டணம் சொற்பம். அடுத்த சர்வீஸின்போதே கேட்டுப் பெறுங்கள்.