குடியிருப்போர் உள்ள வாடகை வீட்டை விற்றல்: சட்டமும் கடப்பாடும்

வாடகை வீட்டில் வாழும் குடும்பமொன்றுக்கு வீட்டு உரிமையாளரிடமிருந்து வரக்கூடிய செய்திகளுள் மிகுந்த கலக்கத்தை ஏற்படுத்துவது, "வீட்டை விற்கப் போகின்றோம்" என்ற செய்தியேயாகும். வாடகை உயர்வைக்கூட எவ்வாறோ சமாளித்துக் கொள்ளலாம். ஆனால் வீடு கைமாறப் போகின்றதென அறிந்ததும், பிள்ளைகளின் பாடசாலை, தொழிலிடத்துக்கான போக்குவரத்து, முற்பணமாகக் கொடுத்த தொகை ஆகிய யாவும் ஒருசேரக் கேள்விக்குறியாகி விடுகின்றன. மறுபுறத்தில் உரிமையாளருக்கும் தமது சொத்தை விற்பதற்கான நியாயமான தேவைகள் இருக்கவே செய்கின்றன. மகளின் திருமணம், மருத்துவச் செலவு, வெளிநாட்டில் குடியேறிய குடும்பத்தின் கடன் என அத்தேவைகள் பலவாகும்.

கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மருதானை, தெமட்டகொடை போன்ற பகுதிகளில் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு இவ்விடயம் புதியதன்று. 1983 ஜூலை வன்செயல்களின் பின்னரும் அதனைத் தொடர்ந்த யுத்த காலத்திலும் சொந்த வீட்டை இழந்தோ பிரிந்தோ வந்த தமிழ்க் குடும்பங்களும், 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் நீண்டகாலம் வாடகை வீடுகளிலேயே வாழ நேர்ந்தது. அதேவேளை புலம்பெயர்ந்து சென்ற பலர் தாம் விட்டுச் சென்ற வீடுகளை வாடகைக்குக் கொடுத்து, பின்னர் அங்கிருந்தவாறே அவற்றை விற்க முற்படுகின்றனர். ஆக, நமது சமூகங்களுள் விற்பவரும் உள்ளனர், குடியிருப்பவரும் உள்ளனர், வாங்குபவரும் உள்ளனர். இம்மூவரும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படை விடயங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விற்பனையால் வாடகை முடிவதில்லை

வீடு விற்கப்பட்டதும் குடியிருப்பவரின் உரிமை தானாகவே முடிவுற்று விடுகின்றதென்ற எண்ணம் பரவலாகக் காணப்படுகின்றது. இது தவறானதாகும். இலங்கையின் பொதுச் சட்டமாக விளங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைமையான கோட்பாடொன்று, வாடகை விற்பனைக்கு முந்தியது எனக் கூறுகின்றது. அதாவது, வீட்டை வாங்குபவர் அதன் சுவர்களையும் கூரையையும் மாத்திரமன்றி, அவ்வீடு தொடர்பாக ஏற்கனவே செய்துகொள்ளப்பட்ட வாடகை உறவையும் சேர்த்தே பெற்றுக்கொள்கின்றார். பழைய உரிமையாளரின் இடத்தில் புதிய உரிமையாளர் வந்தமர்கின்றார் என்பதே இதன் பொருளாகும்.

ஆயினும் இக்கோட்பாடு குடியிருப்பவருக்கு ஒரு கடமையையும் விதிக்கின்றது. வீடு விற்கப்பட்டமை முறைப்படி அறிவிக்கப்பட்ட பின்னர், அவர் புதிய உரிமையாளரை ஏற்று அவருக்கே வாடகையைச் செலுத்த வேண்டும். புதியவரை ஏற்க மறுத்து, அதேவேளை வீட்டிலும் தொடர்ந்திருப்பவர், வாடகையாளருக்குரிய பாதுகாப்பைக் கோரும் தகுதியைத் தாமே கேள்விக்குள்ளாக்கிக் கொள்கின்றார். "எனக்கு வீடு தந்தவர் அவர், இவரை நான் அறியேன்" என்ற வாதம் நீதிமன்றத்தில் துணைநிற்காது.

எழுத்தும் பதிவும்

குடியிருப்பவரின் உரிமை எத்தகையது என்பதைத் தீர்மானிப்பதில் ஆவணமே முதலிடம் பெறுகின்றது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருத்தல் அவசியமாகும். சாதாரண தாளில் இருவரும் ஒப்பமிட்டு, "இரண்டு வருடங்களுக்கு" என எழுதிக்கொண்டாலும் அது இரண்டு வருடக் குத்தகையாக வலுப்பெறாது. அவ்வாறு குடியிருப்பவர் மாத வாடகையாளராகவே கொள்ளப்படுவார். வாடகைச் சட்டத்தின் பாதுகாப்புக்குட்படாத மாத வாடகையை, வாடகை மாதத்தின் முடிவில் முற்றுப்பெறும் வகையில் ஒரு மாத அறிவித்தல் கொடுத்து முடிவுறுத்தலாம். வீட்டை வாங்கியவருக்கும் இவ்வழி திறந்தேயுள்ளது.

நொத்தாரிசு மூலம் எழுதப்பட்ட குத்தகையைப் பொறுத்தவரையிலும் இன்னுமொரு படி எஞ்சியுள்ளது. அது காணிப் பதிவகத்தில் பதிவு செய்யப்படல் வேண்டும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் பிரகாரம், பதியப்படாத ஆவணமொன்று, பின்னர் பெறுமதியான கைமாறுக்கு எழுதப்பட்டு முறைப்படி பதியப்பட்ட ஆவணத்துக்கு எதிரில் வலுவிழக்கின்றது. மோசடியோ கூட்டுச்சதியோ நிரூபிக்கப்பட்டாலன்றி இதிலிருந்து தப்புவது கடினம். ஐந்து வருடக் குத்தகைக்குப் பெருந்தொகையை முற்பணமாகச் செலுத்திய ஒருவர், சில ஆயிரம் ரூபா செலவையும் ஒருநாள் அலைச்சலையும் தவிர்ப்பதற்காகப் பதிவைக் கைவிடுவாரானால், வீடு விற்கப்படும் நாளில் அதன் விலையை உணர நேரிடும்.

பதியப்பட்ட குத்தகை நடைமுறையிலிருக்கும்போது வீடு விற்கப்பட்டால், குத்தகைக் காலம் முடியும்வரை காத்திருக்கப் புதிய உரிமையாளர் கடமைப்பட்டவராவார். குத்தகை உறுதியிலேயே "விற்பனை ஏற்படின் இத்தனை மாத அறிவித்தலின் பேரில் முடிவுறுத்தலாம்" என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டிருப்பின் நிலைமை வேறு. எனவே கையொப்பமிடும் முன்னர் அத்தகைய நிபந்தனை உள்ளதா என்பதைக் குடியிருக்கப் போகின்றவர் கவனித்துக்கொள்ள வேண்டும். எதிர்காலத்தில் விற்கும் எண்ணமுள்ள உரிமையாளரும் அதனை மறைக்காது முன்கூட்டியே எழுதிவிடுவது நேர்மையானதாகும்.

பழைய வாடகைகளும் வாடகைச் சட்டமும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டத்துடன் இந்நாட்டில் வாடகையாளருக்கான விசேட பாதுகாப்பு ஆரம்பமாகியது. பின்னர் 1948 ஆம் ஆண்டின் சட்டமும், அதனையடுத்து 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வந்தன. மறு வருடம் கொண்டுவரப்பட்ட வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமோ, ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கே எல்லை வகுத்தது. வீடற்றோரின் நலன் கருதிக் கொண்டுவரப்பட்ட இச்சட்டங்கள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிழல் தந்தன. அதேவேளை, அற்ப வாடகையைப் பெற்றுக்கொண்டு சொந்த வீட்டுக்குள் நுழைய முடியாத உரிமையாளர்களையும் அவை உருவாக்கின.

1972 ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனை தொடர்பில் வகுத்த விதியொன்று மிக முக்கியமானது. குடியிருப்பவர் வீட்டுக்குள் வந்த திகதிக்குப் பின்னர் அவ்வீட்டை விலைக்கு வாங்கிய ஒருவர், தமது சொந்தக் குடியிருப்புக்கோ வியாபாரத்துக்கோ அது தேவைப்படுகின்றதென்ற காரணத்தைக் காட்டி, பாதுகாக்கப்பட்ட வாடகையாளரை வெளியேற்ற வழக்குத் தொடர முடியாது. உதாரணமாக, 1975 இல் குடியேறிய வாடகையாளர் இருக்கும் வீட்டை 1995 இல் ஒருவர் வாங்கினாரெனில், "நான் இருக்க வீடில்லை" என்ற அவரது நியாயம் எவ்வளவு உண்மையாயினும் அது வெளியேற்றத்துக்கான காரணமாகாது. வாடகை நிலுவை, அனுமதியின்றி உபவாடகைக்குக் கொடுத்தல் போன்ற வேறு காரணங்களிருந்தால் மாத்திரமே அவர் நீதிமன்றத்தை நாடலாம். மேலும், வாடகையாளர் இறந்தாலும் அவரோடு வாழ்ந்த வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் போன்றோருக்கு வாடகை உரிமை தொடர்வதற்கும் இச்சட்டம் வழிவகுத்தது.

இத்தகைய வீடுகள் சந்தை விலையிலும் பார்க்கக் குறைவாக விலைபோவதன் இரகசியம் இதுவேயாகும். மலிவாகக் கிடைக்கின்றதெனக் கருதி வாங்கிவிட்டு, பின்னர் குடியிருப்பவருக்குப் பெருந்தொகை கொடுத்து இணக்கத்துக்கு வருவோரும், ஆண்டுக்கணக்கில் வழக்காடுவோரும் உளர். மருதானையிலும் புறக்கோட்டையிலும் தலைமுறை தலைமுறையாக ஒரே கடையில் வியாபாரம் செய்துவரும் வாடகையாளர்கள் விடயத்திலும் இந்நிலை காணப்படுகின்றது.

எனினும் எல்லா வாடகை வீடுகளும் இச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவையல்ல. குறிப்பாக 1980 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அதன் பின்னர் கட்டப்பட்ட குடியிருப்பு வீடுகளை அதன் பிடியிலிருந்து விடுவித்தது. இன்று நகரெங்கும் எழுந்துள்ள தொடர்மாடி வீடுகளில் குடியிருப்போர் தமக்கும் பழைய வாடகைச் சட்டம் துணைநிற்குமென நம்பியிருத்தல் ஆபத்தானதாகும். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிவுற்ற வீட்டின் உடைமையை மாவட்ட நீதிமன்றத்தினூடாக விரைவாக மீளப்பெறும் வழியையும் ஏற்படுத்தியுள்ளது. தமது வீடு எவ்வகையைச் சேர்ந்தது என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டி அறிந்துகொள்ளல் இருதரப்பினருக்கும் அவசியமாகும்.

வாங்குபவர் காணத் தவறுவன

வீடு வாங்குவோர் காணிப் பதிவகத்தில் தேடுதல் நடத்தி, ஈடு, தடை, வழக்கு எதுவுமில்லையெனக் கண்டதும் திருப்தியடைந்து விடுகின்றனர். ஆனால் மாத வாடகை காணிப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. அதனைப் பதிவேடு காட்டாது. வீட்டு வாசல் மாத்திரமே காட்டும். ஆகவே வாங்குபவர் நேரில் சென்று குடியிருப்பவரைச் சந்தித்து, எப்போது வந்தார், எவ்வளவு வாடகை, யாருக்குச் செலுத்துகின்றார், முற்பணம் எவ்வளவு எனக் கேட்டறிய வேண்டும்.

நமது சமூகங்களில் மேலும் இரு விடயங்கள் கவனத்துக்குரியன. ஒன்று, சீவிய உரித்து. பெற்றோர் மகளுக்குச் சீதனமாகவோ நன்கொடையாகவோ வீட்டை எழுதிக் கொடுத்து, தம் வாழ்நாள்வரை அனுபவிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்வதுண்டு. அத்தகைய வீட்டின் வாடகை, சீவிய உரித்துடையவருக்கே உரியதாகும். மகள் மாத்திரம் ஒப்பமிட்டு வீட்டை விற்றாலும் அவ்வுரித்து அழிந்துவிடாது. மற்றையது, அற்றோர்ணித் தத்துவம். வெளிநாட்டிலுள்ள உரிமையாளரின் சார்பில் உள்ளூரில் ஒருவர் வாடகை வசூலிப்பதனால் மாத்திரம் அவருக்கு விற்கும் அதிகாரம் உண்டெனக் கொள்ள முடியாது. தத்துவப் பத்திரத்தில் விற்பனைக்கான அதிகாரம் வெளிப்படையாக வழங்கப்பட்டுள்ளதா, அது இரத்துச் செய்யப்படாது நடைமுறையிலுள்ளதா என்பன பரிசீலிக்கப்பட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில், குடியிருப்பவருக்கே வீட்டை முதலில் வாங்கும் உரிமை உண்டெனக் கருதுவோரும் உளர். தேசவழமையின் முன்வாங்கல் உரிமை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் இணை உரித்தாளர் முதலான குறிப்பிட்ட சிலருக்கென வரையறுக்கப்பட்டுள்ளது. வாடகைக்கு இருப்பதனால் மாத்திரம் அவ்வுரிமை கிடைப்பதில்லை. ஆயினும் நெடுங்காலம் ஒழுங்காக வாடகை செலுத்திய குடும்பத்திடம் முதலில் கேட்டுப் பார்ப்பது, சட்டம் கோராவிட்டாலும் பண்பு கோருகின்ற செயலாகும்.

முற்பணம் யார் பொறுப்பு?

விற்பனைகளின்போது அதிக மனத்தாங்கலை உண்டாக்குவது முற்பணமேயாகும். பழைய உரிமையாளர் தொகையைச் செலவழித்துவிட்டு வெளிநாடு சென்றிருப்பார். புதியவரோ "நான் அதனைப் பெறவில்லை" என்பார். இடையில் அகப்பட்டுக்கொள்வது குடியிருப்பவரே. இதனைத் தவிர்க்கும் வழி எளிமையானது. விற்பனைக்கு முன்னர் விற்பவர், வாங்குபவர், குடியிருப்பவர் ஆகிய மூவரும் ஒப்பமிட்டு, மீதி முற்பணம் எவ்வளவு, அது விற்பனை விலையிலிருந்து கழிக்கப்பட்டு வாங்குபவரிடம் கையளிக்கப்பட்டதா, இனி வாடகை யாருக்கு என்பவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டு இன்றிக் கொடுக்கப்பட்ட முற்பணத்தை நிரூபிப்பது எளிதன்று என்பதையும் வாடகையாளர்கள் மனதிற்கொள்ள வேண்டும்.

பலவந்தம் தீர்வாகாது

வீட்டை ஆட்களற்ற நிலையில் கையளிப்பதாக வாங்குபவரிடம் வாக்களித்துவிட்டு, பின்னர் நீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பது, கதவுப் பூட்டை மாற்றுவது, ஆட்களை அனுப்பி அச்சுறுத்துவது போன்ற செயல்களில் சிலர் இறங்குகின்றனர். அறிவித்தற் காலம் கடந்துவிட்டாலும், வெளியேற மறுப்பவரை நீதிமன்றக் கட்டளையின் பேரில் பிஸ்கால் அதிகாரியே அகற்ற முடியும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் உடனடியாகப் பொலிஸாரிடம் முறையிட வேண்டும். சமாதானத்துக்குப் பங்கம் விளையும் காணித் தகராறுகளில், இரண்டு மாதங்களுக்குள் விடயம் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரப்பட்டால், உடைமையிழந்தவரை மீண்டும் அமர்த்தும் அதிகாரத்தை 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம் வழங்குகின்றது. நாட்களைக் கடத்துவது இவ்வுரிமையை இழப்பதற்கே வழிவகுக்கும்.

அதேபோன்று, வீடு கைமாறிய சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி வாடகை செலுத்தாது காலத்தைக் கடத்துவதும் நியாயமாகாது. உரிமையாளர் யாரென்பதில் சந்தேகமிருப்பின் விற்பனை உறுதியின் பிரதியைக் கேட்கலாம். வாடகைச் சட்டத்துக்குட்பட்ட வீட்டின் உரிமையாளர் வாடகையை ஏற்க மறுத்தால் அதனை உள்ளூராட்சி நிறுவனத்தில் வைப்புச் செய்யவும் சட்டம் இடமளித்தது. வாடகை நிலுவையே குடியிருப்பவரின் மிகப் பெரிய பலவீனம் என்பதை மறத்தலாகாது.

வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும் நமது நாட்டில், நீதிமன்றம் செல்லுமுன் பேசித் தீர்ப்பதே மூவருக்கும் இலாபமானது. உரிய அவகாசத்துடன் எழுத்தில் அறிவித்தல், பாடசாலைத் தவணை முடியும்வரை பொறுத்திருத்தல், இடமாற்றச் செலவில் ஒரு பங்கை ஏற்றல் என்பன விற்பவர் இழக்கும் தொகையிலும் பார்க்க அதிகமான நன்மையை அவருக்கே ஈட்டிக் கொடுக்கும். வீடு ஒருவருக்குச் சொத்து, இன்னொருவருக்கு வாழ்விடம். இவ்விரண்டையும் மதித்து, ஒளிவுமறைவின்றி ஆவணங்களுடன் நடைபெறும் விற்பனையே பிற்காலத்தில் வழக்கையும் பகையையும் விட்டுச் செல்லாததாக அமையும்.