லீற்றருக்கு எத்தனை? ஒரு சிறிய காரும் அதை அளக்கும் கோல்களும்

வாகனம் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, “லீற்றருக்கு எத்தனை ஓடும்?” என்பதுதான். விற்பவரிடம் அதற்குப் பதில் ஆயத்தமாக இருக்கும்: “முப்பத்து மூணு ஓடும் நானா, கெட்டலொக்லயே போட்டிருக்கு.” அவர் சொல்வது பொய்யல்ல. ஜப்பானில் 2017இல் வெளிவந்த சுசுகி வெகன் ஆர் ஹைபிரிட் காருக்கு அங்கே அறிவிக்கப்பட்ட அளவு லீற்றருக்கு 33.4 கிலோமீற்றர். ஆனால் அந்த எண் எங்கே, எப்படி அளக்கப்பட்டது என்பதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

2022இல் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் கிடைத்த நாட்களில் இந்தக் கேள்வியின் கனம் எல்லோருக்கும் விளங்கியது. 33.4 என்று கணக்குப் போட்டால் 20 லீற்றரில் 668 கிலோமீற்றர் போகலாம். உண்மையில் 17தான் ஓடுமென்றால் 340 கிலோமீற்றரோடு சரி.

‘ஹைபிரிட்’ என்றதும் பலர் இந்தக் காரைப் பிரியஸோடு ஒன்றாக வைத்துப் பேசுகிறார்கள். இது மைல்ட் ஹைபிரிட். 660 சிசி எஞ்சினின் வலு 38 கிலோவாற்று. அதனோடு பெல்ட்டால் இணைந்த மோட்டாரின் வலு 2.3 கிலோவாற்றுதான். ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பங்கைச் சிறிய லித்தியம் பட்டரியில் சேமித்து, வேகமெடுக்கும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். மோட்டாரால் மட்டும் கார் நகர்வது 13 கிலோமீற்றர் வேகத்துக்குள், கூடியது 10 விநாடிகளுக்கு. ஆகவே இதன் சேமிப்பில் பெரும்பங்கு, கார் நிற்கும்போது எஞ்சினும் தானாக நின்றுவிடுவதால் வருவது. இதை நினைவில் வைத்துக்கொண்டு பரிசோதனைக்கு வருவோம்.

பரிசோதனை நடப்பது தெருவில் அல்ல, ஆய்வுகூடத்தில். காரின் சில்லுகள் உருளைகளின் மேல் சுழலும். கார் நின்ற இடத்திலேயே ‘ஓடும்’. எந்த விநாடியில் எந்த வேகம் என்பது முன்னரே எழுதப்பட்டிருக்கும். வெளிவரும் புகையின் மாதிரியைப் பைகளில் பிடித்து, அதிலுள்ள கார்பன் வாயுக்களை அளந்து, எவ்வளவு பெற்றோல் எரிந்தது என்று கணக்கிடுவார்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளிவரும். அதனால் எரிபொருள் சிக்கனமும் காபன் வெளியேற்றமும் ஒரே அளவையின் இரு முகங்கள்.

33.4 என்பது ஜேசி08 என்ற பழைய முறையில் வந்த எண். அதில் கார் 20 நிமிடத்தில் சுமார் 8 கிலோமீற்றர் ஓடும். சராசரி வேகம் 24 கிலோமீற்றர். நேரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கார் சும்மா நிற்கும். நிற்கும்போது எஞ்சினை அணைக்கும் காருக்கு இதைவிட வாய்ப்பான பரீட்சை ஏது? ஜப்பானில் பின்னர் வந்த டபிள்யூஎல்டிசி முறையில் தூரம் 15 கிலோமீற்றர், வேகம் கூட, நிற்கும் நேரம் ஏறத்தாழ பாதி. எஞ்சின் குளிர்ந்த நிலையிலிருந்தே அளவு தொடங்கும். பிற்காலத்தில் வெகன் ஆருக்குப் புதிய எஞ்சின் வந்தும், இந்த முறையில் அறிவிக்கப்பட்ட எண் 25.2. காரில் குறை வந்துவிடவில்லை. அளவுகோல் உண்மைக்குக் கொஞ்சம் கிட்ட வந்தது. இரண்டு முறையிலும் ஏ.சி. போடுவதில்லை. நமது வெயிலில் ஏ.சி. இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? ஏ.சி. வேலை செய்ய வேண்டியிருந்தால் நின்ற எஞ்சின் மீண்டும் ஸ்டார்ட் ஆகிவிடும். கடுகண்ணாவை ஏற்றத்தில் குடும்பத்தோடு ஏறும் காருக்கும், கல்முனை–அக்கரைப்பற்று சமதரையில் ஓடும் காருக்கும் ஒரே எண் பொருந்தாது.

அளவுகோல் சரியாக இருந்தாலும் அதைப் பிடிக்கும் கை நேர்மையாக இருக்க வேண்டும். உருளைகளுக்கு எவ்வளவு பாரம் கொடுப்பது என்பதை, காரை வேகமாக ஓட்டி நியூட்ரலில் விட்டு, அது மெதுவாகும் நேரத்தை அளந்து தீர்மானிக்கிறார்கள். 2016 ஏப்ரலில் மிட்சுபிஷி நிறுவனம், நான்கு சிறிய கார் வகைகளில் இந்தத் தரவைத் திரித்ததாக ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் சுசுகியும் விதிப்படி தெருவில் அளக்காமல், பாகம் பாகமாக அளந்து கூட்டியதாக ஒப்புக்கொண்டது. கடற்கரையோரப் பரிசோதனைத் தளத்தில் காற்று அதிகம் என்பது அது சொன்ன காரணம். விதிப்படி மறுபடி அளந்தபோது எண்கள் குறையவில்லை என்றும் அறிவித்தது. இருந்தாலும் விதி விதிதான்.

இங்கே நாம் வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யும் புகைப் பரிசோதனையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் நின்ற வாகனத்தின் சைலன்சரில் கருவியைச் செருகி, காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் எவ்வளவு என்று பார்ப்பார்கள். எஞ்சின் சரியாக எரிகிறதா என்பதற்கு அது நல்ல சாட்சி. ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு பெற்றோல் போகிறது என்பதற்குச் சாட்சியே அல்ல. “புகை டெஸ்ட் பாஸ், அதனால பெற்றோல் குறைவாத்தான் குடிக்கும்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் காரின் உண்மையான எண்ணை நாமே அறியலாம். ஷெட்டில் பம்ப் தானாக நிற்கும்வரை டாங்கியை நிரப்பி மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிலோமீற்றராவது ஓடிய பின் அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை அடித்த லீற்றரால் வகுத்தால் விடை. மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் இன்னும் நல்லது. போர்டில் காட்டும் எண்ணைவிட இந்தக் கொப்பிக் கணக்கு நம்பகமானது.

அளவையில் மோசடி செய்வோரை எச்சரித்துத் தொடங்கும் ஒரு சூராவே, அல்முதஃப்பிஃபீன் என்ற பெயரில், அல்குர்ஆனில் உண்டு. அப்பாஸியர் காலச் சந்தைகளில் தராசையும் படியையும் சோதிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். இன்று கார் விற்கும் நம் வியாபாரிகளிடம் நான் எதிர்பார்ப்பது அதிகமில்லை. 33.4 என்று சொல்லும்போது, “இது ஜப்பானில் ஏ.சி. போடாமல் பழைய முறையில் அளந்தது” என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லட்டும். தாமே ஓட்டி அளந்த கணக்கு இருந்தால் அதையும் காட்டட்டும். வாங்குபவர் அந்த இரண்டு எண்களையும் பார்த்துத் தன் முடிவை எடுத்துக்கொள்வார்.