உழவும் உறைவிடமும்: பையம்பள்ளி முதல் உறையூர் வரை

உழவு தோன்றியதும் வீடு நிலைபெற்றது என்பது பொதுவான கருத்து. எனினும் மேற்காசியாவின் நத்தூபிய மக்கள் பயிர்த்தொழிலுக்கு முன்பே கல் அடித்தளமிட்ட வட்ட வீடுகளைக் கட்டினர். ஆகவே, ஓரிடத்தை விட்டு நீங்க இயலாமைக்கான காரணங்களே ஆராயத்தக்கன.

திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வில் புதிய கற்கால மக்களின் குழிவீடுகள் வெளிப்பட்டன. கரிந்த கொள்ளும் பச்சைப்பயறும் அங்குக் கிடைத்தன. இவை வானம்பார்த்த நிலத்தில் சில மாதங்களில் விளைவன. ஆயினும் விளைந்ததில் ஒரு பகுதியை அடுத்த விதைப்பு வரை ஈரமும் எலியும் அணுகாமல் காத்தல் வேண்டும்; அதனைச் சுமந்து அலைதல் அரிது. இவ்வாறு சேமிப்பு மக்களை ஓரிடத்தில் நிறுத்தியது எனலாம்.

காவிரிக்கரையில் இப்பிணிப்பு மேலும் வலுப்பெற்றது. நெல் வயலின் வரப்பும் வாய்க்காலும் பல தலைமுறை உழைப்பின் திரட்சி. குடிபெயர்வோர் எடுத்துச் செல்ல இயலாத செல்வம். திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்திற்கு அண்மையிலுள்ள உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை அகழாய்வு நிகழ்த்தியது. கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்குக் கிடைத்துள்ளன. இவை நிலைத்த ஊர்வாழ்வு நகர்வாழ்வாக வளர்ந்த நிலையைக் காட்டுகின்றன. 'உறை' என்னும் வினை தங்குதலைக் குறிப்பதும் இங்கு எண்ணத்தக்கது.

இன்று உறையூர் மக்கள் நெருங்கி வாழும் நகர்ப்பகுதி. அகழ்வதற்குரிய வெற்றிடம் அரிது. ஆதலின், கட்டுமானப் பணிகளுக்காக மண் தோண்டப்படும்போதே அடுக்குகளைப் பதிவுசெய்தல் இன்றியமையாதது.