புதுக் காயில், பழைய ஒயர்

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றது. மாருதி 800-ம் அதே ஆண்டில் விடைபெற்றது. பிரீமியர் பத்மினியோ அவற்றுக்கும் முன்னரே போய்விட்டது. ஆனாலும் திருவனந்தபுரம் வீதிகளில் இந்த மூன்றையும் இன்றும் பார்க்கலாம். நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றிலும் அப்பா வாங்கிய வண்டி, தாத்தா ஓட்டிய வண்டி என்று ஷெட்டில் ஒன்று நிற்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்த பிறகு, ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பித்துப் பணம் கட்டி, அதைக் காப்பாற்றி வருகிறார்கள். விற்க மனம் வருவதில்லை.

இப்படிப்பட்ட வண்டி, மழைக்காலக் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும். வர்க்‌ஷாப்பில் காட்டினால், "காயில் வீக் ஆயிட்டுது சார், பவர் கூடின காயில் ஒண்ணு போட்டுடலாம்" என்பார்கள். போட்டதும் வண்டி சீறிக்கொண்டு கிளம்பும். இரண்டு மாதம் கழித்துப் பழைய கதை திரும்பும். சில வண்டிகளில் ஒயர் கருகும் வாசனையும் சேர்ந்து வரும். ஏன் இப்படி? புதுக் காயில் வாங்கியவர், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரையும் அதன் முனைகளையும் மாற்றவில்லை. இக்கட்டுரை அந்த ஒயரைப் பற்றியது.

காயில் என்ன செய்கிறது?

பேட்டரி தருவது 12 வோல்ட். பிளக்கின் நுனியில் பொறி பாய வேண்டுமானால் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இந்த ஏற்றத்தைச் செய்வதுதான் இக்னிஷன் காயில். உள்ளே இரும்புத் துண்டைச் சுற்றி இரண்டு சுருள்கள் இருக்கும். தடித்த கம்பியில் சில நூறு சுற்று ஒன்று. தலைமயிர் போன்ற கம்பியில் பல்லாயிரம் சுற்று மற்றொன்று. தடித்த சுருளில் ஓடும் மின்சாரத்தைப் பாயிண்ட் சட்டென்று துண்டிக்கும்போது, மெல்லிய சுருளில் உயர் அழுத்தம் பிறக்கிறது. இந்தத் தத்துவத்தை 1836-லேயே செய்து காட்டியவர் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் இருந்த நிக்கலஸ் கேலன் என்னும் பாதிரியார். அதைக் காருக்குப் பொருத்தமாக்கியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1912-ஆம் ஆண்டு கெடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு சேர்ந்து இது வந்தது. நம் நாட்டில் 1961-இல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ்., சென்னைப் பாடியில் தொழிற்சாலை அமைத்து, வண்டிகளுக்கான மின்சாதனங்களைச் செய்து வருகிறது.

கணக்கு சொல்லும் உண்மை

பாயிண்ட் வைத்த வண்டியின் சாதாரணக் காயிலுக்குத் தடை ஏறத்தாழ 3 ஓம். 12 வோல்ட்டில் அது இழுப்பது 4 ஆம்பியர். "பவர் காயில்" என்று விற்பவற்றில் பல 1.5 ஓம் அளவில் இருக்கும். அவை 8 ஆம்பியர் இழுக்கும்.

இப்போது சாவி ஸ்விட்ச், புல்லட் முனை, காயில் லக் ஆகிய இடங்களில் துரு ஏறி, எல்லாம் சேர்ந்து அரை ஓம் தடை உண்டாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய காயிலுக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 10.3 வோல்ட்தான் போய்ச் சேரும். பொறியின் சக்தி மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், கால் பங்குக்கு மேல் இழப்பு. மழைக்காலத்தில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியே 9, 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். வண்டி அடம் பிடிப்பதன் ரகசியம் இதுதான்.

அதே ஒயரில் 1.5 ஓம் காயிலைப் போட்டால் என்ன ஆகும்? 8 ஆம்பியருக்குப் பதில் 6 ஆம்பியர்தான் ஓடும். காயிலுக்குக் கிடைப்பது 9 வோல்ட். இழப்பு நாற்பது விழுக்காட்டுக்கும் மேல். அத்துடன் போகவில்லை. முன்பு அந்தத் துருப்பிடித்த முனைகளில் சுமார் 6 வாட் சூடு உண்டாயிற்று. இப்போது 18 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் கையில் வைத்திருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பெட்ரோல் ஆவி உலவும் பானட்டுக்குள் இப்படி ஒரு சூட்டுக்கோலை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு நாகர்கோவிலுக்குப் புறப்படலாமா?

களிம்பு

செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள். திருவனந்தபுரத்துக் கார் ஒயருக்கு அது உவமையன்று, உண்மையே. எடவப்பாதி மழையும் துலாவருஷமும் ஆண்டுக்கு இருமுறை நனைக்கின்றன. சங்குமுகம் பக்கம் குடியிருப்போருக்கு உப்புக்காற்று வேறு. முனையில் பிடித்த பச்சைக் களிம்பு, மேலுறைக்குள் புகுந்து இழைகளினூடே ஏறும். மேலே சுரண்டிவிட்டுப் புது லக் மாட்டினால் பலனில்லை. செம்பு பளபளவென்று தெரியும் இடம்வரை வெட்ட வேண்டும். நீளம் போதாவிட்டால் ஒயரையே மாற்ற வேண்டும். சித்தர்களின் குளிகை நம் வர்க்‌ஷாப்பில் கிடைக்காது.

மாற்றுமுன் சோதித்துப் பார்க்கலாம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையைக் காயிலின் பிளஸ்ஸிலும் வையுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியைத் திருப்புங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் ஒயர் நன்றாக இருக்கிறது. ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் காயிலுக்குச் செலவழிக்க வேண்டிய பணத்தை முதலில் ஒயருக்குச் செலவழியுங்கள். சாவியை ஒரு நிமிடத்துக்கு மேல் போட்டு வைக்கக் கூடாது, காயில் சூடாகும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்த வண்டிக்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது.

எங்கே, எதை வாங்குவது?

கார்த்திகைத் திருநாள் மகாராஜாவின் திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய சாலைக் கடைத்தெரு, இன்றும் நம்மவர் தமிழிலேயே பேசி வாங்கக்கூடிய இடம். ஆனால் மின்சாமான் கடையில் வெறுமனே "ஒயர் குடுங்க அண்ணாச்சி" என்றால் வீட்டு ஒயரைத்தான் அளந்து கொடுப்பார். அது 70 டிகிரி சூட்டுக்கு ஏற்பட்டது; இன்ஜின் அருகே காய்ந்து வெடிக்கும். "ஆட்டோ கேபிள்" என்று கேட்க வேண்டும். பழைய அளவில் 14/0.30 என்றால் 0.30 மி.மீ. தடிமனுள்ள 14 இழைகள், அதாவது 1 சதுர மி.மீ. காயிலுக்கு 28/0.30, அதாவது 2 சதுர மி.மீ. போடுவது நல்லது. வாங்குமுன் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சிட்ட அலுமினியம், வேண்டாம்.

நிறமும் முக்கியம். ஆங்கிலேய லூகாஸ் முறையில் சாவியிலிருந்து காயிலுக்கு வருவது வெள்ளை. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது கறுப்புக் கோடிட்ட வெள்ளை. எர்த் கறுப்பு. கிடைத்த நிறத்தைப் போட்டுவிட்டால் பிறகு பழுது பார்ப்பவர் திண்டாடுவார்.

காயிலில் மாட்டும் தட்டை லக் 6.3 மி.மீ. அகலமானது. தகரப் பூச்சிட்ட பித்தளை லக்காகப் பார்த்து வாங்குங்கள். அதைக் கட்டிங் பிளேயரால் நசுக்காமல், அதற்கென்றுள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். வெறும் பற்றாசு மட்டும் வைத்தால், வண்டியின் அதிர்வில் பற்றாசு முடியும் இடத்தில் இழைகள் முறியும். மேலே பசையுள்ள சுருங்கு ஸ்லீவ் போட்டுச் சூடாக்கினால் களிம்பு பல ஆண்டு எட்டிப் பார்க்காது.

பிற்கால வண்டிகளில் பிளாஸ்டிக் கப்ளர் இருக்கும். இதை வாயால் விவரித்து வாங்க முடியாது. பழைய கப்ளரைக் கையோடு கொண்டு போங்கள். பின் எத்தனை, பூட்டு எந்தப் பக்கம், உள்ளே ரப்பர் வளையம் உண்டா என்று மூன்றையும் ஒப்பிடுங்கள். கம்பியோடு சேர்ந்து வரும் கப்ளர் கிடைத்தால் உத்தமம். இங்கே கிடைக்காத பழைய மாடல் சாமான்களுக்குச் சென்னை ஜி.பி. ரோட்டையும் புதுப்பேட்டையையும் விசாரிக்கலாம். புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் கப்ளரில் ரப்பர் இறுகிப் போயிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ரிலேயும் பியூஸும்

1.5 ஓம் காயிலில் பலவும் பலாஸ்ட் என்னும் தடையோடு சேர்த்துப் போட ஏற்பட்டவை. அந்தத் தடை இல்லாமல் பாயிண்ட் வண்டியில் மாட்டினால் பாயிண்ட் விரைவில் கருகும். ஆகவே பாயிண்ட் வண்டிக்கு 3 ஓம் காயிலே போதும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியவர்கள், அதனோடு வந்த தாளில் எத்தனை ஓம் என்று போட்டிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும்.

அதிக மின்சாரம் இழுக்கும் காயிலுக்கு ரிலே அவசியம். நாலு பின் ரிலேயில் 30-ஆம் எண்ணுக்குப் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக ஒயர், 87-லிருந்து காயிலுக்கு, பழைய வெள்ளை ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பழைய சாவி ஸ்விட்ச் இப்போது ரிலேயை மட்டும் இயக்கும். அதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். பியூஸ் 4 ஆம்பியர் காயிலுக்கு 10, எட்டு ஆம்பியர் காயிலுக்கு 15 போதும். அதைப் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். பழைய ஆங்கிலேய ஒயரிங்கில் இக்னிஷன் ஒயருக்குப் பியூஸே கிடையாது. எங்கேனும் உராய்ந்து பாடியைத் தொட்டால் ஒயர் கட்டு முழுவதும் எரியும். இந்தச் சிறு பியூஸ் வண்டியையும் ஆளையும் காக்கும்.

கடைசியாக ஒன்று. பழைய காயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று எழுதியிருக்கும், புதியதில் +, − குறிகள். நெகட்டிவ் எர்த் வண்டியில் எஸ்.டபிள்யூ. ஒயர் பிளஸ்ஸுக்கும் சி.பி. ஒயர் மைனஸ்ஸுக்கும் போக வேண்டும். மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடத்தான் செய்யும். பொறி மட்டும் பலவீனப்படும்.

ஒயர், லக், ரிலே, பியூஸ் எல்லாம் சேர்த்து ஒரு நல்ல காயிலின் விலையளவுகூட ஆகாது. அடுத்த முறை மெக்கானிக் காயில் மாற்றச் சொன்னால் மறுக்க வேண்டாம். "முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.